வெறும் காத்துதாங்க

'தேவர் மகன்' படத்தில் (1992) ஒரு சின்னக் காட்சி. மாப்பிள்ளையாக வர வேண்டியவன் பயந்து ஓடிவிட, வேறு வழியில்லாமல் சக்திவேல் தாலி கட்டிய பெண் பஞ்சவர்ணம். அவன் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவன். மனத்தில் வேறொருத்தியை வைத்திருந்தவன். அவள் ஊரைத் தாண்டாதவள். இருவருக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு பாட்டுப் பாடு என்கிறான். அவள் வாய் திறக்கிறாள், சத்தம் எழவில்லை. "வெறும் காத்துதாங்க வருது" என்கிறாள்.

பஞ்சவர்ணமாக நடித்த ரேவதி அதைச் சொன்ன விதத்தில் அரங்கு சிரித்தது. சிரித்தவர்களுக்கே அடுத்த நொடி தொண்டையை அடைத்தது. அவன் கேட்டது பாட்டு. கிடைத்தது உடம்பைப் பற்றிய ஒரு தகவல். பாட வராது என்றோ மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. பயமாயிருக்கிறது, கூச்சமாயிருக்கிறது, நேற்றுவரை யாரோவாக இருந்த உங்கள் முன்னால் எப்படிப் பாடுவது என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அத்தனையும் கேட்டது.

சொல்லாதது எப்படிக் கேட்கிறது? மொழியியலில் இதையே தொழிலாகக் கொண்ட துறை பிராக்மாடிக்ஸ். தமிழில் சூழற்பொருளியல் எனலாம். காற்று என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் உண்டு. பஞ்சவர்ணம் அந்த நேரத்தில் அந்த ஆளிடம் சொன்ன காற்றுக்கு அகராதி உதவாது. யார் பேசினார், யாரிடம், எந்த நேரத்தில், எந்தக் கேள்விக்கு என்பதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

தமிழ்நாட்டில் பள்ளி இலக்கணம் படித்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தி அல்ல. வினா ஆறு, விடை எட்டு என்று மனப்பாடம் செய்த பாடம் அது. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தவை. கடை எங்கே என்றால் இந்தப் பக்கம் என்பது சுட்டு. போவாயா என்றால் போகமாட்டேன் என்பது மறை, போவேன் என்பது நேர். இந்த மூன்றும் நேரடியான விடைகள். மற்ற ஐந்தும் வேறு சாதி. விளையாடவில்லையா என்று கேட்டால் கால் வலிக்கிறது என்பது உற்றது உரைத்தல். கால் வலிக்கும் என்பது உறுவது கூறல். ஆடுவாயா என்றால் பாடுவேன் என்பது இனமொழி. கேட்ட கேள்விக்கு இவை நேராகப் பதில் சொல்வதில்லை. ஆனாலும் பதிலின் பொருளைத் தருவதால் இவையும் விடைகளே என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்களிடமும் இந்தப் பிரிவு உண்டு: ஒன்று செவ்வன் இறை, மற்றது இறை பயப்பது. சாப்பிடுகிறாயா என்று கேட்டால் வயிறு வலிக்கிறது என்பது இரண்டாவது வகை. 'இறை பயப்பது' என்ற பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். தானே விடையாக இல்லாமல் விடையைப் பிறப்பிப்பது என்று பொருள். இவ்வளவு துல்லியமான கலைச்சொல்லைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது பெரிய இழப்பு.

பஞ்சவர்ணத்தின் காற்று உற்றது உரைத்தல். தனக்கு நேர்ந்திருப்பதைச் சொல்கிறாள். பாட முடியாது என்பதைக் கேட்பவன் பெற்றுக்கொள்கிறான்.

எப்படிப் பெற்றுக்கொள்கிறான் என்பதை நன்னூல் விளக்குவதில்லை. அந்த வேலையைச் செய்தவர் பால் கிரைஸ் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர். 1967இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய வில்லியம் ஜேம்ஸ் சொற்பொழிவுகளில் அவர் சொன்னதன் சாரம் இது: பேசுகிற இருவரும் ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் உரையாடல் நடக்கிறது. வேண்டிய அளவு சொல்வார்கள், உண்மையென நம்புவதைச் சொல்வார்கள், தொடர்புள்ளதைச் சொல்வார்கள், தெளிவாகச் சொல்வார்கள். யாராவது வெளிப்படையாக இதை மீறினால், கேட்பவர் உடனே இது உளறல் என்று ஒதுக்கிவிடுவதில்லை. ஏதோ காரணத்தோடுதான் இப்படிச் சொல்கிறார் என்று எண்ணி, அந்தக் காரணத்தைத் தேடிப் போகிறார். தேடிக் கண்டெடுப்பதுதான் குறிப்புப் பொருள். கிரைஸ் தந்த உதாரணம் ஒன்று எல்லா ஊர் அலுவலகத்துக்கும் பொருந்தும். தத்துவத் துறை வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவனைப் பற்றி அவன் ஆசிரியர் கடிதம் எழுதுகிறார்: அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், வகுப்புக்கு ஒழுங்காக வருவான். அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. வேலை கிடைக்காது.

இந்தக் கணக்கு முழுவதும் தவறிப்போனால் என்ன ஆகும் என்று பார்க்க, தமிழர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு காட்சி இருக்கிறது. 'கரகாட்டக்காரன்' (1989). கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒரு பழத்தோடு வருகிறார். வாங்கச் சொன்னது எத்தனை? இரண்டு. ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே? அதற்குச் செந்தில் தருகிற பதில், "அந்த இன்னொன்னுதாண்ணே இது."

நிதானமாக எடைபோட்டால் செந்தில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இரண்டு வாங்கினார், உண்மை. ஒன்றைத் தின்றுவிட்டார், அதற்கு 'ஒன்று' என்று பெயர் வைத்துக்கொண்டால் கையில் இருப்பது 'இன்னொன்று' ஆகிவிடுகிறது, அதுவும் உண்மை. கவுண்டமணி கையிலிருக்கும் பழத்தை 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குகிறார், செந்தில் வயிற்றிலிருக்கும் பழத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார். கணக்கு இரண்டு பேருக்கும் சரி. கேள்வி மட்டும்தான் வேறு வேறு இடத்தில் விழுகிறது. எங்கே என்று கவுண்டமணி கேட்பது இடம் தெரிந்துகொள்ள அல்ல. அது குற்றச்சாட்டு. திருடிட்டியா என்பதன் நாகரிக வடிவம். வினா வடிவில் வந்த வசையைச் செந்தில் வெறும் வினாவாகவே எடுத்துக்கொள்கிறார்.

இன்னும் ஒரு விஷயம். நன்னூலின்படி செந்திலின் பதில் எந்த வகை? எங்கே என்ற கேள்விக்கு 'இது' என்று விரல் நீட்டுகிற விடை, சுட்டு. நேரடியான மூன்றில் முதலாவது. சுற்றி வளைக்காத, ஐயத்துக்கு இடமில்லாத விடை. அந்த விடைதான் கேட்டவரின் ரத்தத்தைக் கொதிக்க வைக்கிறது. பஞ்சவர்ணத்தின் சம்பந்தமில்லாத காற்று கணவனுக்கு உடனே புரிந்தது. செந்திலின் அச்சுப் பிசகாத சுட்டு எத்தனை தடவை சொன்னாலும் போய்ச் சேரவில்லை. நேராகப் பேசினால் தெளிவாக விளங்கும் என்ற பொதுவான எண்ணத்தை இந்த இரண்டு காட்சிகளும் சேர்ந்து ஆட்டிப் பார்க்கின்றன. 'தாண்ணே' என்பதில் ஒட்டியிருக்கும் அந்த 'அண்ணே' வேறு! மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் அண்ணே அது.

திரையில் பேசப்படும் பேச்சுக்கும் தெருவில் பேசப்படும் பேச்சுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தெருவில் பேசுபவருக்குக் கேட்பவர் ஒருவர். திரையில் இருவர்: சட்டகத்துக்குள் நிற்பவர், இருட்டில் உட்கார்ந்திருப்பவர். இரண்டாமவரை நோக்கி யாரும் முகம் திருப்பிப் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவருக்காகவே எழுதப்பட்டது. ஒட்டுக்கேட்க அழைக்கப்பட்டவர் அவர். இந்த இருவருக்கும் தெரிந்தது ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசத்தில்தான் வசனகர்த்தா தன் குடித்தனத்தை நடத்துகிறார்.

1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியில் நாயகன் குணசேகரன் பேசுவது நீதிபதியிடம். தீர்ப்பு எதிர்பார்க்கப்பட்டது அரங்கிலிருந்து. மு. கருணாநிதியின் அந்த வசனம் உள்ளே எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் உரக்கச் சொன்னது. அதன் குறிப்பு, யாரிடம் சொல்லப்பட்டது என்பதில் இருந்தது. பின்னால் வந்த படங்களில் தி.மு.க.வின் கட்சிச் செய்தி இன்னும் உள்ளே ஒதுங்கியது. 1957இல் வந்த 'சக்கரவர்த்தித் திருமகள்' படத்தில் எம்.ஜி.ஆர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் உதயசூரியன். கதைக்குள் அது ஒரு ஆளின் பெயர், வேறொன்றுமில்லை. அரங்கில் இருந்தவர்களுக்கு அது என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குறிப்புப் பொருளுக்குக் கிரைஸ் சொன்ன ஓர் இயல்பு இங்கே கைகொடுக்கிறது: அதை மறுக்க முடியும். நான் அப்படிச் சொல்லவில்லையே என்று பேசியவர் எப்போதும் விலகிக்கொள்ளலாம். தணிக்கைக்கு அஞ்ச வேண்டிய காலத்தில் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதைத் தமிழ் சினிமா நன்றாக அறிந்திருந்தது.

இரண்டு கேட்பவர்களையும் ஒரே சமயத்தில் ஆட்டிவைத்த வசனம் என்றால் 'பாட்ஷா'வில் (1995) வருவதைச் சொல்ல வேண்டும். ஆட்டோ ஓட்டும் மாணிக்கம், தங்கையின் மருத்துவக் கல்லூரி இடத்துக்காக அந்தக் கல்லூரிக்காரரைப் பார்க்கப் போகிறார். தனியாகப் பேச வேண்டும் என்று உள்ளே போகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைகிறது, குரல் வரவில்லை. எதிரில் இருந்தவர் எழுந்து நிற்கிறார். இடம் கிடைத்துவிடுகிறது. என்ன சொன்னீங்க என்று தங்கை கேட்கிறாள். "உண்மையைச் சொன்னேன்."

வேண்டிய அளவு சொல்ல வேண்டும் என்ற கிரைஸின் விதி இங்கே நொறுங்குகிறது. என்ன என்று கேட்டவளுக்கு எது என்று தெரியவில்லை. உண்மை என்ற பெட்டி மட்டும் கிடைக்கிறது, பூட்டோடு. உண்மை என்ற விதியோ முழுசாக நிற்கிறது, சொல்லிலேயே நிற்கிறது. வேண்டிய அளவு சொல்லாமல் ஒருவர் நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்லக் கூடாத காரணம் இருக்கிறது என்று கேட்பவர் கணக்கிடுவார். உண்மையைச் சொன்னதற்கே ஒருவன் நடுங்கி எழுந்து நின்றான் என்றால் அந்த உண்மை எப்படிப்பட்டது என்று மனம் அதுவாகவே மேலே ஏறும். தங்கைக்கு அண்ணனின் பழைய வாழ்க்கை தெரியாது. பம்பாயில் நடந்த அந்தக் கதை அப்போது அரங்குக்கும் இன்னும் சொல்லப்படவில்லை. ஆனால் அரங்குக்கு ரஜினிகாந்தைத் தெரியும். வாசலில் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறது. ஆட்டோக்காரராகவே இவர் கடைசிவரை இருக்கப்போவதில்லை என்பதும் தெரியும். தங்கை வாங்கிக்கொண்டதைவிடப் பல மடங்கு அதிகமாக அரங்கு அந்த ஒற்றைப் பதிலிலிருந்து வாங்கிக்கொண்டது.

ஒரு தடவை சொன்னால் நூறு தடவை சொன்ன மாதிரி என்று விரல் நீட்டிச் சொல்லும் வசனமும் இதே படத்தில்தான். அது சுவரில் எழுதப்பட்டது, மேடையில் சொல்லப்பட்டது, ஆட்டோவின் பின்னால் ஏறியது. ஆனால் பத்துத் தடவை பார்த்தவர்களிடம் கேட்டால் பலர் கண்ணாடி அறைக் காட்சியைத்தான் முதலில் சொல்வார்கள். தமிழ்ப் படம் என்றாலே வாய் ஓயாத பேச்சு என்று குறை சொல்பவர்கள் பேச்சின் அளவைப் பார்க்கிறார்கள். எத்தனை சொல் பேசப்பட்டது என்பது பொருட்டே இல்லை. பேசப்பட்ட சொல் எத்தனை சொல்லை நிறுத்திவைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாட்ஷாவுக்கு வசனம் எழுதியவர் நாவலாசிரியர் பாலகுமாரன். எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் 'நாயகன்' (1987) படத்துக்கு எழுதியவரும் அவர்தான். அந்தப் படம் முடியப்போகும் வேளையில் வேலு நாயக்கரின் முன்னால் அவர் பேரன் வந்து நிற்கிறான். நீங்க நல்லவரா, கெட்டவரா என்று கேட்கிறான். அவர் சொல்வது, "தெரியலையேப்பா."

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. 'தெரியல' என்று நிறுத்தியிருந்தால் அது தகவல்: கேள்விக்கு விடை என்னிடம் இல்லை. தாராவியில் தாதாவாக இத்தனை வருடம் வாழ்ந்தவருக்கு அது தகவலாகவும் குறைந்த தகவல். அதில் ஒரு 'ஏ' ஏறுகிறது. தமிழில் இந்த ஏகாரம் ஒரு எழுத்தளவுதான். ஆனால் அது ஏறிய வாக்கியத்தில் ஏற்கெனவே ஒரு தேடல் நடந்து முடிந்திருக்கிறது. பையில் சாவி இல்லை என்பவர் ஒரு நிலையைச் சொல்கிறார். பையில் இல்லையே என்பவர் துழாவிப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுக்கிறார். தெரியலையே என்ற மனிதர் இந்தக் கேள்வியை இப்போதுதான் முதல் முறையாகச் சந்திக்கவில்லை என்பதும், பல இரவுகள் தன்னையே கேட்டுப் பார்த்தவர் என்பதும் அந்த ஏகாரத்தில் வந்துவிட்டது. கடைசியில் ஓர் 'அப்பா'. பேரனைப் பார்த்துத் தாத்தா சொல்லும் அப்பா. சின்னவர்களைப் பெரியவர்களின் உறவுச்சொல்லால் கூப்பிடுவது நம் வீடுகளில் தினமும் நடப்பதுதான். ஊரெல்லாம் கை கூப்பி நின்ற மனிதர் அந்த நொடியில் கேள்வி கேட்ட சிறுவனுக்குக் கீழே போய் நிற்கிறார் என்பது அந்த ஒரு விளியில் தெரிகிறது.

நல்லவரா கெட்டவரா என்ற அளவுகோலை வேறு விதமாகக் கையாண்ட ஒருவன் அதற்கு முன்பே இருந்தான். 'முள்ளும் மலரும்' (1978) காளி. கையை இழந்து, வேலையையும் இழந்து, தன் மேலதிகாரியான என்ஜினியரிடம் பேசுகிறான். இரண்டு கையும் இரண்டு காலும் போனாலும் காளி பிழைத்துக்கொள்வான் என்கிறான். தன்னையே படர்க்கையில் சொல்கிறான். முடிவில், "கெட்ட பய சார் அவன்." ஒருவன் தன்னைக் கெட்டவன் என்று சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம். அந்தக் காட்சியைப் பார்த்த எவரும் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளவில்லை. கை போனவனின் வீம்பு, தலைகுனிய மறுப்பது, உன் இரக்கம் வேண்டாம் என்பது எல்லாம் அந்த வசையில் புகுந்துகொண்டன. 'சார்' அங்கே கீழ்ப்படிதலின் சொல் இல்லை. இனி உனக்கும் எனக்கும் வேலை உறவு கிடையாது, இருந்தும் மரியாதையை நானே தருகிறேன் என்று மேலிருந்து இறக்கிக் கொடுக்கும் சொல். சினிமாவில் வசனத்தைக் குறைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் இந்தப் படத்தை இயக்கிய மகேந்திரன். அவர் படத்தின் நாயகன் இவ்வளவு பேசியது வசனம் மிகுந்துவிட்ட குறையாகத் தோன்றுவதில்லை, காளி பேசியதில் பாதி பேச்சிலேயே இல்லை என்பதால்.

'ங்க', 'ஏ', 'தான்', 'அப்பா', 'சார்' என்று இவை எல்லாம் சொல்லின் வாலில் தொங்கும் துணுக்குகள். தமிழில் பெரிய பாரத்தை இவைதான் தூக்குகின்றன. உலகின் பல மொழிகளில் பணிவு எப்படிச் செயல்படுகிறது என்று பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதிய ஆய்வு 1978இல் வெளியாகி, 1987இல் தனி நூலாக வந்தது. சூழற்பொருளியலில் மிக அதிகமாகப் பேசப்படும் நூல்களில் ஒன்று. அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று ஆங்கிலம், இன்னொன்று மெக்சிகோவின் மலைநாட்டு மாயா மொழியான செல்தால், மூன்றாவது தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் திரட்டிய பேச்சு அது. முகம் முறியாமல் கேட்பது, கேட்காமலே கேட்பது, மறுக்காமல் மறுப்பது பற்றிய ஓர் உலகக் கோட்பாடு கொங்கு நாட்டுத் திண்ணைகளிலிருந்தும் தன் சான்றுகளை எடுத்துக்கொண்டது. வெறும் காத்துதாங்க என்பதில் உள்ள 'ங்க'வை அந்த ஆய்வாளர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

இந்தத் துணுக்குகள்தான் துணைவசனத்தில் முதலில் உதிர்கின்றன. ஆங்கிலத்தில் கீழே ஓடும் வரியில் 'ங்க'வுக்கு இடமில்லை, 'ஏ'வுக்கும் இல்லை. கணவனை 'நீங்க' என்று சொல்லிவந்தவள் ஒரு காட்சியில் 'நீ' என்று சொன்னால் அரங்கே நிமிர்ந்து உட்காரும். கீழே இருப்பதோ முன்பிருந்த அதே ஒற்றைச் சொல். வீட்டைவிட்டுக் கிளம்புபவர் 'போயிட்டு வரேன்' என்பார். 'வரேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவார். போறேன் என்று எவரும் சொல்வதில்லை, சொன்னால் அம்மா திட்டுவாள். ஆகவே திரையில் ஒரு பாத்திரம் 'நான் போறேன்' என்று சொல்லி வாசலைத் தாண்டினால், அவர் திரும்ப வரப்போவதில்லை என்பதைத் தமிழ்க் காது அந்தச் சொல்லிலேயே பிடித்துவிடுகிறது. பின்னணி இசை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

ஒரு வினைச்சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே மூச்சில் பிடித்த இடம் ஒன்று '96' (2018) படத்தில் இருக்கிறது. பள்ளியில் ஒன்றாகப் படித்து, இருபத்திரண்டு வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள் ராமும் ஜானுவும். அவளுக்குத் திருமணமாகிவிட்டது, அவன் அப்படியே இருக்கிறான். அவளை ஓட்டலில் இறக்கிவிட்டுக் கிளம்புகிறான். சற்று நேரத்தில் அவள் போன் செய்கிறாள். ரொம்ப தூரம் போயிட்டியா ராம் என்று கேட்கிறாள். உன்னை எங்கே விட்டேனோ அங்கேயேதான் நிற்கிறேன் என்கிறான்.

அவள் கேட்டது தூரம். கார் எந்தச் சிக்னலைத் தாண்டியிருக்கும் என்ற அளவிலான தூரம். அப்படித்தான் கேள்வி தொடங்குகிறது. அவன் பதிலும் அதே அளவில் முழு உண்மை, கீழே நிற்கிறான். செந்திலின் பதிலைப் போலவே இதுவும் ஒரு சுட்டு. ஆனால் தமிழில் ஒருவரை வண்டியிலிருந்து இறக்குவதற்கும் 'விடு'தான், கைகழுவிப் போவதற்கும் 'விடு'தான். அவளை விட்ட இடம் அந்த ஓட்டல் வாசல். அவளைத் தவறவிட்ட இடம் தஞ்சாவூர். 'அங்கேயேதான்' என்பதில் ஏகாரமும் 'தான்'உம் அடுத்தடுத்து நிற்கின்றன, ஒன்று போதாது என்பது போல. அவன் இதைக் குரலை உயர்த்தாமல், போக்குவரத்தைப் பற்றிச் சொல்வதைப் போலவே சொல்கிறான். போனின் மறுமுனையில் அவள் எந்தத் தூரத்தைக் கேட்டாள் என்பது அப்போது அவளுக்கே தெரிகிறது.